மாட்டுக்குப் போட்ட ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் மாடு செத்தால் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுவார்கள். வானத்தில் புள்ளி புள்ளியாக வட்டமடிக்கும் பெரிய பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஒன்று இறங்கினால் போதும், அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று அரை மணி நேரத்தில் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் எலும்புக்கூடுதான் மிஞ்சியிருக்கும். சில ஆண்டுகள் கழித்து, அதே இடத்தில் செத்த மாடு நாள்கணக்கில் நாறிக் கிடந்தது. சுற்றிலும் நாய்கள். அந்தப் பறவைகள் எங்கே போயின என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். இதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால், 'அருகிய இனம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நாம் பொதுவாக எல்லாவற்றையும் கழுகு என்றே சொல்லிவிடுகிறோம். கழுகும் பருந்தும் உயிருள்ள இரையைக் காலால் கவ்விப் பிடிப்பவை. நான் சொல்லும் பறவை அப்படியல்ல. அதன் கால் நகங்களுக்கு இரையைத் தூக்கும் வலு கிடையாது. கோழிக்குஞ்சை இது தூக்கிப் போகாது. பெரும்பாலும் செத்ததையே தின்னும். தலையிலும் கழுத்திலும் இறகு குறைவாக இருப்பதும் அதனால்தான், சடலத்துக்குள் தலையை நுழைத்துத் தின்னும் பறவைக்கு அடர்ந்த இறகு இருந்தால் இரத்தமும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும். பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் சொல்வார்கள். அதற்குப் பழைய தமிழ்ப் பெயர் பாறு. போர்க்களத்தைப் பாடிய புலவர்கள் பாறு என்றும் எருவை என்றும் தனித்தனியாகப் பெயர் சொன்ன பறவைகளை, நாம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டோம். பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால் அதைக் கவனிப்பதும் கடினம்.

தமிழ்நாட்டில் நான்கு வகைப் பாறுகள் உண்டு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. முதல் மூன்றும் உலகப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்ற படியிலும், நான்காவது அதற்கு ஒரு படி கீழே 'அருகிய இனம்' என்ற படியிலும் இருக்கின்றன. அருகுதல் என்றால் குறைந்துபோதல். பக்கத்தில் இருப்பது என்ற பொருள் இங்கே இல்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் செம்பட்டியல்தான் அந்த உலகப் பட்டியல். பலரும் நினைப்பதுபோல அது வெறும் தலை எண்ணிக்கை இல்லை. ஓர் இனத்தில் எத்தனை மீதம் இருக்கின்றன என்று பார்ப்பதோடு, எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்றும் பார்க்கிறார்கள். பத்து ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைக் காலத்திலோ, இவற்றில் எது நீண்டதோ அதற்குள், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டால், மீதம் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அந்த இனம் 'மிக அருகிய' படிக்குப் போய்விடும். ஒரு குடும்பத்தின் கையில் இன்னும் ஒரு லட்சம் இருக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். போன மாதம் அதே கையில் பத்து லட்சம் இருந்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றுமா? செம்பட்டியல் கேட்கும் கேள்வி அதுதான்.

பாறுகளுக்கு நடந்ததும் அதுவே. 1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய ஊனுண்ணிப் பறவைகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. நகரத்துக் குப்பைமேட்டிலும், கோயில் மரத்திலும், ரயில் பாதை ஓரத்திலும் சாதாரணமாகத் தென்படும் பறவை அது. இந்தியா முழுவதும் சாலை வழியே திரும்பத் திரும்ப நடத்திய கணக்கெடுப்புகளின்படி, 1992க்கும் 2007க்கும் இடையில் அது 99.9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. இவ்வளவு பெரிய பறவையினம் இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு இணையாக அதிகம் சொல்ல முடியாது.

இந்தச் சரிவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். இராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் அவர் பாறுகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார். 1990களின் பிற்பகுதியில் மரக்கிளைகளில் கழுத்தைத் தொங்கப் போட்டபடி பறவைகள் உட்கார்ந்திருப்பதையும், மரத்தடியில் செத்து விழுந்து கிடப்பதையும் பார்த்தார். ஏதோ புதுக் கிருமி என்றுதான் முதலில் நினைத்தார்கள். தேடினார்கள், கிருமி எதுவும் சிக்கவில்லை.

விடை பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவும் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்றுவிட்டால்தான் அது அப்படித் தேங்கும். சரி, சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? பாறுகள் தின்பது பெரும்பாலும் கால்நடைகளின் சடலம். அப்படியென்றால் கால்நடைக்குப் போகும் ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். குழுவினர் மாட்டு மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளில் எது விற்பனையில் இருக்கிறது என்று கேட்டார்கள். வந்த பதில் டைக்ளோஃபெனாக். அந்த மருந்து கொடுத்த விலங்கின் இறைச்சியைக் கூண்டில் இருந்த பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாறுகள் செத்தன, உள்ளே அதே வெள்ளைப் படிவு. 2004 தொடக்கத்தில் இந்த முடிவு வெளியானது.

டைக்ளோஃபெனாக் நமக்குப் புதிதில்லை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான். மாட்டுக்கு மடிவீக்கம், காய்ச்சல், கால் நொண்டுதல் என்று வந்தால் அந்த ஊசி போடுவார்கள். விலை குறைவு, வலியும் சீக்கிரம் குறையும். மாடு பிழைத்துக்கொண்டால் பாறுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஏனென்றால் மருந்து சில நாட்களில் மாட்டின் உடலை விட்டுப் போய்விடும். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அந்தச் சடலம் வெளியே கிடந்தால்தான் ஆபத்து. பாறுகள் கூட்டமாக உண்பவை என்பதை முன்பே சொன்னேன். ஒரே சடலம் ஒரே நாளில் ஒரு மரத்துப் பறவைகள் அத்தனையையும் கொன்றுவிட முடியும்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தின் பயங்கரம் முழுதாகப் புரிந்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

ஒரு பாறு ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை வயிறு நிறையத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 120 சாப்பாடு. இருநூறு சடலங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் கொல்லும் அளவுக்கு மருந்து இருக்கிறது, மீதி 199ம் சுத்தம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சாப்பாட்டிலும் தப்பிக்கும் வாய்ப்பு இருநூற்றில் 199. நல்ல வாய்ப்புதானே என்று தோன்றும். ஆனால் அதை 120 தடவை அடுத்தடுத்துத் தாண்டியாக வேண்டும். பெருக்கிப் பார்த்தால், நூறு பறவைகளில் 55தான் ஆண்டின் முடிவில் உயிரோடு இருக்கும். 45 போய்விடும்.

போனதை ஈடுகட்டப் பாறுகளால் முடியுமா? ஒரு இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். நூறு பறவைகளில் குஞ்சு பொரிக்கும் வயதுள்ள இணைகள் முப்பதோ நாற்பதோ இருந்து, எல்லாக் கூட்டிலும் குஞ்சு தேறினால்கூட இழப்பை ஈடுகட்ட முடியாது. குருவிக்கும் எலிக்கும் இந்தச் சிக்கல் இல்லை, அவை ஒரு நல்ல பருவத்தில் மீண்டுவிடும். நீண்ட நாள் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் உயிர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்கின்றன. யானையும் கடலாமையும் கடற்பசுவும் அதே வகை. உண்மையான ஆய்வுக் கணக்குகளும் இதைத்தான் சொல்கின்றன: நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் டைக்ளோஃபெனாக் இருந்தாலே இந்தப் பேரழிவு நடக்கப் போதுமானது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஊர்மக்களிடம் பேசுவது ஏன் பாதுகாப்பின் மையம் என்பது தெரியும். இருநூறு மாட்டுக்காரர்களில் 199 பேர் நாம் சொன்னதைக் கேட்டு, ஒருவர் மட்டும் அந்த ஊசியைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் மேலே பார்த்த கணக்கு. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டால் போதும் என்று விட முடியாத வேலை இது. காட்டைச் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்ற முடியாது, ஆள்வைத்துக் காவல் காத்தும் முடியாது. கடைசி மாட்டுக்காரர் வரை, கடைசி மருந்துக் கடை வரை செய்தி போய்ச் சேர வேண்டும்.

சட்டம் வந்தது, மெதுவாக. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான மருந்து விற்பனையில் இருந்தது, அதுவும் 30 மில்லி பெரிய குப்பிகளில். மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய குப்பி யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. 2015இல் 3 மில்லி ஒற்றை வேளைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் வேறு வலி மருந்துகளும் பாறுகளைக் கொல்வது தெரிந்துவிட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்தான் வேறு, பொருள் அதேதான்.

மாற்று மருந்து இல்லையென்றால் இந்தத் தடைகளெல்லாம் மாட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயமாக இருந்திருக்கும். மாற்று இருக்கிறது. மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்கு ஆபத்து இல்லை என்று சோதித்துத் தெளிந்திருக்கிறார்கள், மாட்டின் வலியையும் அது குறைக்கும். டோல்ஃபெனமிக் அமிலமும் அப்படியே.

இவ்வளவுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் பாறுகள் எங்கே மிஞ்சின? நீலகிரி மலையின் வடகிழக்கு அடிவாரத்தில், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாறு ஓடும் பள்ளத்தாக்கில். சீகூர் பீடபூமி, சிறியூர், ஆனைகட்டிப் பக்கம். ஆற்றோரத்து உயரமான நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கிறது. அங்கே ஏன் பிழைத்தது என்றால், அங்கே சாப்பாடு புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட கடமானும் புள்ளிமானும் காட்டெருமையும். காட்டு விலங்குக்கு யாரும் வலி ஊசி போடுவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலங்களும் ஒரே நேரத்தில் எண்ணியபோது, எல்லா வகையும் சேர்த்து 320 பாறுகள் தென்பட்டன. மூன்று மாநிலக் காடுகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதே ஆண்டு முன்னதாக எடுத்த கணக்கில் 246.

காட்டுக்குள் சாப்பாடு சுத்தமாக இருக்கிறது என்றால் காட்டுக்கு வெளியே நாம் ஏன் பேச வேண்டும்? பாறுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதால். இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும். அதனால்தான் பாறுகள் கூடு கட்டும் இடத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு 'பாறு பாதுகாப்பு மண்டலம்' என்று வகுத்து, அதற்குள் ஆபத்தான மருந்து இல்லாமல் செய்ய வேண்டும் என்கிறார்கள். மாயாற்றை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கோவையும் மைசூரும் உள்ளே வந்துவிடும். கோவையில் தெருமுனை மருந்துக் கடையில் நிற்பவருக்கும் இந்தப் பறவைக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மசினகுடிப் பக்கம் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாடு பாலுக்காக மட்டும் வளர்ப்பதில்லை. சாணமே ஒரு வருமானம், உரத்துக்காகத் தோட்டங்களுக்கு விலைக்குப் போகும். பட்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வீட்டின் வரவு படுத்துவிட்டது என்று பொருள். நான் ஊசி பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "மாட்டைக் காப்பாத்தத்தானே தம்பி ஊசி போட்டோம்? பாறுகளைக் கொல்றதுக்கா போட்டோம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பேசிய விதத்தில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டிருந்தேன். "இல்லீங்க ஐயா, கடையில கொடுத்ததை நம்பி வாங்கினீங்க, அது இப்படிப் பண்ணும்னு விற்றவருக்கே தெரியாது" என்றேன். அதற்கப்புறம்தான் அவர் பேசத் தொடங்கினார். எந்தெந்த மரத்தில் முன்பு கூடு இருந்தது, எந்த ஆண்டு வானம் காலியானது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. விழிப்புணர்வு என்ற பெயரில் மேடை போட்டு ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைவது எனக்கு நம்பிக்கை தருவதில்லை. மாட்டின் நலத்திலிருந்து தொடங்கினால் பேச்சு நிற்கும். பறவையிலிருந்து தொடங்கினால் நிற்காது.

கோவையிலிருந்து இயங்கும் அருளகம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. மருந்துக் கடைகளில் எது விற்கிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

ஊசியைத் தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது விஷம். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மிச்சமிருக்கும் சடலத்தில் பூச்சிக்கொல்லியைத் தடவி வைப்பது சில இடங்களில் நடக்கிறது. குறி புலிக்கு, ஆனால் முதலில் இறங்குவது பாறு. இந்த இடத்தில் மாட்டுக்காரரின் கோபத்தை நான் தவறு என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். காட்டு விலங்கு அடித்த மாட்டுக்கு அரசு இழப்பீடு உண்டு. அது இருப்பதே தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர வேண்டும், பணம் தாமதமில்லாமல் கையில் வந்து சேர வேண்டும். ஆறு மாதம் அலையவிட்ட பிறகு பாறுகளைப் பற்றிப் பாடம் எடுத்தால் யார் கேட்பார்கள்?

பாறு இல்லாமல் போனால் நமக்கு என்ன என்ற கேள்வி எப்போதும் வரும், வர வேண்டிய கேள்விதான். பாறின் வயிற்று அமிலம் கடும் வீரியமுள்ளது. அடைப்பான் நோய்க்கிருமி போன்றவைகூட அதில் செத்துப்போகும். பாறு தின்ற சடலத்தோடு அந்த நோய் முடிந்தது. நாய் தின்றால் அப்படியில்லை. பாறுகள் போனபின் சடலங்களை நாய்கள் எடுத்துக்கொண்டன, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் கூடியது. அழுகிய சடலங்கள் நீர்நிலைகளையும் கெடுத்தன. பாறுகள் முன்பு நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் கூடுதல் மனித உயிரிழப்புக்குப் பாறுகளின் மறைவு காரணம் என்று கணக்கிட்டது. சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளரை வேலையைவிட்டு அனுப்பிய விலை அது.

நமக்கு இந்தப் பறவையோடு பழைய உறவும் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் மலைமேல் இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து அர்ச்சகர் கையிலிருந்து பிரசாதம் வாங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த அந்த வருகை 1990களோடு நின்றுபோனது. காரணமாகப் பல கதைகள் சொன்னார்கள். வடக்கே பாறுகள் கொத்துக் கொத்தாக விழத் தொடங்கியிருந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான்.

மாடு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது சிறிய விஷயம். மருத்துவர் வலி ஊசி எழுதும்போது மெலாக்சிகம் தானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஊசி வாங்கி நீங்களே போடாதீர்கள். வேறு வலி மருந்து போட்ட மாடு சில நாட்களுக்குள் செத்துவிட்டால், அதைத் திறந்த வெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மாடு இல்லாதவர்கள், மாடு வைத்திருக்கும் உறவினரிடம் இதைச் சொல்லலாம். நம்மில் பலருக்கும் ஊரில் அப்படி ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மாயாற்று நீர்மருதில் பாறுகள் கூடு கட்டத் தொடங்கும். ஒரு கூட்டுக்கு ஒரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி ஐம்பது நாளுக்கு மேல் அடைகாக்கும். கோடை முற்றுவதற்குள் குஞ்சு பறக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் ஐந்து ஆண்டுகள் அது காத்திருக்க வேண்டும், தன் முதல் முட்டைக்காக. மேலே போட்ட கணக்குப்படி அந்த ஐந்து ஆண்டுகளில் அறுநூறு சாப்பாடு. அறுநூறும் சுத்தமாக இருந்தால் மாயாற்றில் இன்னொரு மரத்தில் ஒரு கூடு கூடும்.